சோகப் பாட்டா, துள்ளல் பாட்டா? உங்கள் மனநிலைக்கு ஒத்துவரும் பட்டியல் போடும் வழி

எட்டு மாதம் ஒரே பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மொத்தம் 31 பாட்டு, எல்லாமே பிரிவும் தனிமையும்தான். இரவு பதினோரு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் கழற்றும்போது இரண்டு மணி ஆகிவிடும். கேட்டால் மனசு லேசாகும் என்று நம்பித்தான் கேட்டேன். மறுநாள் காலையில் யாராவது பேச்சுக் கொடுத்தாலே எரிச்சல் வந்தது. என் கூத்தைப் பார்த்த நண்பன், "எப்பப் பார்த்தாலும் முகாரியா? கொஞ்சம் ஜாலியான பாட்டு கேளுடா" என்றான். கேட்டேன். மூன்றாம் நாள், ஒரு துள்ளல் பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது, கோபத்தில் ஹெட்செட்டைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். புதிது வாங்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தபோதுதான் எங்கே தப்பு என்று பிடிபட்டது. எந்தப் பாட்டு சோகம், எது சந்தோஷம் என்று பார்த்தே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து அரை மணி நேரம் கழித்து நான் என்ன நிலையில் இருக்கிறேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பட்ட அவஸ்தையை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக, செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருக்கிறது, எதிலும் ஆசை இல்லை, தூக்கமும் பசியும் குலைந்துவிட்டன என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். இந்த வழிகாட்டி அதற்கு மாற்று இல்லை. சாதாரணமாக ஏறி இறங்கும் மனநிலையைப் பாட்டால் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு மட்டும்தான்.

## 1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா. கைபேசியில் குறிப்பு எழுதலாமே என்று தோன்றும். நானும் முதல் நான்கு நாள் அப்படித்தான் செய்தேன். எழுதப் போன இடத்தில் செய்தி வந்திருக்கும், அதைப் பார்ப்பேன், மனநிலை மாறிவிடும், அப்புறம் போடுகிற மதிப்பெண் பாட்டுக்கானதா அந்தச் செய்திக்கானதா என்றே தெரியாது. நோட்டுதான் சரி.

உங்களிடம் இருக்கும் ஹெட்செட்டே போதும். சத்தத்தில் மட்டும் கவனம் தேவை. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபெல் கூடினாலே நேரம் பாதியாகிவிடும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. குழந்தைகளுக்கு 75 டெசிபெல்தான் வரம்பு. மனம் சரியில்லாத நேரத்தில் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். உங்கள் கைபேசியில் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் இன்றே வைத்துவிடுங்கள்.

பாட்டுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசச் சேவையில் கேட்டால் நடுவில் விளம்பரம் வரும். மெதுவான பாட்டு முடிந்த கையோடு யாரோ காதுக்குள் கத்தினால் அன்றைய பதிவு வீண். கட்டணச் சந்தா எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் பாட்டுக் கோப்புகள் இருபது முப்பது இருந்தால் மூன்று வாரத்தை ஓட்டிவிடலாம்.

பணச் செலவு இவ்வளவுதான். நேரச் செலவு தினமும் சுமார் 30 நிமிடம், 21 நாள். ஒரு வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்தில் தெரிவது அந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போனது என்பது மட்டும்தான்.

## 2. பாட்டில் இருப்பது வேறு, உங்களுக்குள் வருவது வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் நோட்டைத் திறந்தால் எல்லாப் பதிவும் குழம்பும். ஒரு பாட்டைக் கேட்டு "இது சோகமான பாட்டு" என்று அடையாளம் காண்பது ஒரு காரியம். அதைக் கேட்டு நீங்கள் சோகமாவது இன்னொரு காரியம். இரண்டும் சேர்ந்தே வரும் என்ற கட்டாயம் இல்லை. ஆல்ஃப் கேப்ரியல்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 2002-ல் இந்த வேறுபாட்டை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அடையாளம் காண்பது சுலபம். சோகமாக இருக்கும் மனிதன் எப்படிப் பேசுவான்? மெதுவாக, தாழ்ந்த குரலில், சத்தமில்லாமல், குரல் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல். சோகப் பாட்டும் ஏறக்குறைய அப்படியே. சந்தோஷமான ஆள் வேகமாக, உரக்க, குரல் மேலே ஏறி இறங்கப் பேசுவான். துள்ளல் பாட்டும் அதே மாதிரி. மொழியும் இசை மரபும் தெரியாதவர்களாலும் இதைப் பிடித்துவிட முடிகிறது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்துஸ்தானி இசை பழக்கமில்லாத மேற்கத்தியர்களுக்கு ராகங்களைப் போட்டுக் காட்டியபோது மகிழ்ச்சி, துயரம், கோபம் மூன்றையும் சரியாகவே சொன்னார்கள். ஐந்து வயதுக் குழந்தைகூட வேகத்தை வைத்து இது சிரிக்கிற பாட்டு, இது அழுகிற பாட்டு என்று சொல்லிவிடும்.

நமக்குள் வருவதுதான் சிக்கல். பாட்டில் இருக்கும் உணர்ச்சி ஒட்டிக்கொள்வது ஒரு வழிதான். பழைய ஞாபகம் கிளறுவது, மனதில் காட்சி ஓடுவது, முன்பு எந்தச் சூழலில் அடிக்கடி கேட்டோமோ அந்த உணர்வு பழக்கத்தில் வந்து நிற்பது, அடுத்து இந்தச் சுரம்தான் வரும் என்று எதிர்பார்த்தது வராமல் போவது என்று யுஸ்லின், வெஸ்ட்ஃபியெல் என்ற இருவர் 2008-ல் ஆறு வழிகளைப் பட்டியலிட்டார்கள். நம் காரியத்துக்கு மிகவும் முக்கியம் ஞாபகம்.

என் நோட்டில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியது எந்தப் பாட்டு தெரியுமா? ஒரு கல்யாண வீட்டுக் குத்துப் பாட்டு. வரிகளில் ஒரு துளி சோகம் கிடையாது. அந்தப் பாட்டுக்கு என்னோடு ஆடிய ஆள் இப்போது இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு பாட்டைத்தான் நண்பன் சொன்ன "ஜாலி" பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தேன். ஹெட்செட் உடைந்ததற்குக் காரணம் பின்னால்தான் விளங்கியது.

தலைகீழாகவும் நடக்கும். லீலா டாருஃபியும் ஸ்டெஃபான் கோல்ஷும் 772 பேரிடம் இணையத்தில் கேட்டு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சோக இசை கேட்கும்போது அதிகமாக வருவதாக மக்கள் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நாட்களுக்கான ஏக்கத்தை. அமைதி, கனிவு என்றும் பலர் சொன்னார்கள். ஆகவே சோகப் பாட்டைக் கேட்டாலே உருப்பட மாட்டாய் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். இருக்கிற சோகப் பாட்டை எல்லாம் அழித்துவிட்டு வாருங்கள் என்று நானும் சொல்லப் போவதில்லை.

## 3. மூன்று வாரப் பதிவேடு

ஒவ்வொரு நாளும் ஒரு வரி. ஒரு வரியில் இவ்வளவு இருக்க வேண்டும்: நாள், நேரம், என்ன கேட்டீர்கள், கேட்பதற்கு முன் மதிப்பெண், முடிந்தவுடன் மதிப்பெண், அரை மணி நேரம் கழித்து மதிப்பெண், ஒரு சிறு குறிப்பு.

மதிப்பெண் இரண்டு வகை. மனம்: −5 முதல் +5 வரை. தெம்பு: 0 முதல் 5 வரை. இரண்டும் தனித்தனியாக வேண்டும். மனம் 0, தெம்பு 0 என்றால் சோர்ந்து கிடக்கிறீர்கள். மனம் −3, தெம்பு 5 என்றால் கொதித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு உதவாது.

என் நோட்டிலிருந்து ஒரு வரி:

செவ்வாய், இரவு 9.40. இரவுப் பட்டியலில் நான்கு பாட்டு. முன்: மனம் −2, தெம்பு 1. முடிந்தவுடன்: மனம் −1, தெம்பு 1. அரை மணி கழித்து: மனம் −3, தெம்பு 0. குறிப்பு: பழைய வீடு ஞாபகம் வந்தது, அப்புறம் அங்கிருந்தே நகரவில்லை.

நடுவில் இருக்கும் −1-ஐப் பாருங்கள். முடிந்தவுடன் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எட்டு மாதம் ஏமாந்தேன். மூன்றாவது மதிப்பெண்ணை எழுதாமல் விட்டால் நீங்களும் ஏமாறுவீர்கள். அரை மணி கழித்து அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரவாரியாகச் செய்ய வேண்டியது:

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கமாக என்ன கேட்பீர்களோ அதையே கேட்டு எழுதுங்கள். நல்லவராக நடிக்க வேண்டாம், நோட்டை யாரும் திருத்தப் போவதில்லை.

இரண்டாம் வாரம் மாற்றி மாற்றி. ஒரு நாள் 20 நிமிடம் சோகப் பாட்டு, மறுநாள் 20 நிமிடம் துள்ளல் பாட்டு, அதற்கடுத்த நாள் 20 நிமிடம் ஹெட்செட் மாட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. சும்மா இருக்கும் நாளைத் தவிர்க்காதீர்கள். நான் சும்மா உட்கார்ந்த இரண்டு நாளிலும் மதிப்பெண் ஒன்று கூடியிருந்தது! அப்படியென்றால் ஒரு பாட்டைக் கேட்டு ஒன்று கூடினால் அதைப் பாட்டின் கணக்கில் எழுத முடியாது. வெறும் ஓய்வின் கணக்கு அது.

மூன்றாம் வாரம் இதுவரை கேட்காத பாட்டுகளையும் வாத்திய இசையையும் கலந்து கேளுங்கள். ஞாபகம் ஒட்டாத பாட்டு உங்களை என்ன செய்கிறது என்று இங்கேதான் தெரியும்.

இனி இந்தப் படியில் எல்லாரும் விழும் குழி. பாட்டு ஓடும்போதே "இப்போ சந்தோஷமா இருக்கேனா? இப்போ?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. ஸ்கூலர், ஏரியலி, லோவன்ஸ்டீன் மூவரும் 2003-ல் வெளியிட்ட சோதனையில், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையைக் கேட்கவைத்து, சிலரிடம் சந்தோஷமாக இருக்க முயலுங்கள் என்றும், சிலரிடம் உங்கள் சந்தோஷத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றும் சொன்னார்கள். சும்மா கேட்டவர்களைவிட இவர்கள் நிலைதான் மோசமானது. பத்து வருடம் கழித்து, 2013-ல் ஃபெர்குசனும் ஷெல்டனும் வெளியிட்ட சோதனையில் வேறு முடிவு வந்தது: துள்ளலான இசையோடு, சந்தோஷமாக இருக்கலாம் என்ற எண்ணமும் சேர்ந்தால் மனநிலை ஏறியது. இசை மட்டும், எண்ணம் மட்டும் என்று தனியாக இருந்தால் அவ்வளவு பலன் இல்லை. நான் இரண்டையும் சேர்த்து வைத்து எடுத்துக்கொண்டது இது: உட்காரும்போது எதற்காகக் கேட்கிறேன் என்று ஒரு முறை நினைத்துக்கொள்வது, அப்புறம் பாட்டு முடியும்வரை தராசைத் தொடாமல் இருப்பது. நோட்டு மூடியே இருக்கட்டும்.

## 4. மூன்று குவியலாகப் பிரிப்பது

21 நாள் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். சோகம், சந்தோஷம் என்ற பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, அரை மணி கழித்துப் போட்ட மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பிரியுங்கள்.

ஏற்றுபவை: முன்னதைவிட இரண்டு புள்ளிக்குமேல் கூடியவை.
தாங்குபவை: பெரிதாக ஏறவில்லை, இறங்கவும் இல்லை, ஆனால் கேட்டபோது ஆறுதலாக இருந்தது.
இழுப்பவை: முடிந்தவுடன் நன்றாகத் தெரிந்தாலும் பிறகு இறங்கியவை.

உங்களுக்கே ஆச்சரியம் காத்திருக்கும். எனக்குத் தாங்குபவைக் குவியலில் பாதிக்குமேல் சோகப் பாட்டுகள்தான். ஏற்றுபவையில் இரண்டு சோகப் பாட்டு இருந்தன. அழவைத்து, முடித்து, எழுந்து போய் முகம் கழுவ வைத்தவை.

அழவைத்து முடிக்கிற பாட்டையும், அழவைத்துவிட்டு அங்கேயே உட்காரவைக்கிற பாட்டையும் எப்படிப் பிரிப்பது? குறிப்புப் பகுதியைப் படியுங்கள். "ஞாபகம் வந்தது, அழுதேன், சரியாகிவிட்டது" என்பது ஒரு வகை. "ஏன் அப்படிச் செய்தேன், ஏன் எனக்கு மட்டும், அன்றைக்கு வேறு மாதிரி பேசியிருந்தால்" என்று ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தால் அது இன்னொரு வகை. அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சோக இசை கேட்ட பிறகு மனம் இன்னும் இறங்குகிறது என்று காரிடோ, ஷூபர்ட் இருவரின் ஆய்வுகளில் வந்திருக்கிறது. நீங்கள் அந்த ரகமா இல்லையா என்பதை உங்கள் குறிப்புகளே காட்டிக் கொடுத்துவிடும். நான் அந்த ரகம்தான். ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

வரிகளையும் கவனியுங்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வு, சோகமான, கோபமான மெட்டுக்கு வரிகள் கூடுதல் கனம் சேர்க்கின்றன, சந்தோஷமான மெட்டுக்கோ வரிகள் சேரும்போது உணர்ச்சி கொஞ்சம் குறைகிறது என்றது. இழுப்பவையில் விழுந்த பாட்டு மிகவும் பிடித்ததாக இருந்தால் அதன் வாத்திய வடிவத்தைத் தேடிப் போட்டுப் பாருங்கள். என் பட்டியலில் நான்கு பாட்டு அப்படியே தாங்குபவைக்கு இடம் மாறின.

ஒரு சிலருக்கு எந்தப் பாட்டுக்கும் எண் அசையாது. இசையால் இன்பம் வராத மனிதர்கள் இருக்கிறார்கள், அது நோயும் இல்லை குறையும் இல்லை. அப்படியென்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு நடைக்குப் போகலாம்.

## 5. ஏணிப் பட்டியல் போடுவது

வேலையின் மையம் இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள்.

மனம் கீழே கிடக்கும்போது நேராகத் துள்ளல் பாட்டைப் போட்டால் ஏன் எரிச்சல் வருகிறது? அழுதுகொண்டிருப்பவனிடம் போய் ஜோக் சொல்வது மாதிரிதான் அது. 1940-களில் இரா ஆல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் இதற்கு ஒரு முறை வகுத்தார்: நோயாளி இப்போது இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய நிலைக்கு நகர்த்துவது. இசை சிகிச்சையில் இன்றும் இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்விலும், அவர்கள் சோக இசையைத் தேடுவது சோகத்தைக் கூட்டிக்கொள்ள இல்லை, அது அமைதியாகவும் அடங்கியும் இருப்பதால்தான் என்று தெரியவந்தது. ஆக முதல் பாட்டு உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

முதலில் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பாட்டைப் போட்டு விரலால் தாளம் தட்டி, 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 16 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 64. 30 வந்தால் 120. ஒரு பாட்டுக்கு அரை நிமிட வேலை. சில பாட்டில் பாதி வேகமா முழு வேகமா என்று குழப்பம் வரும். கால் எந்த வேகத்துக்கு ஆடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அடுக்குங்கள். மொத்தம் ஆறு அல்லது ஏழு பாட்டு, 25 முதல் 30 நிமிடம்.

முதல் இரண்டும் தாங்குபவைக் குவியலிலிருந்து, 60-லிருந்து 75-க்குள் இருக்கும் மெதுவான பாட்டுகள். இழுப்பவையிலிருந்து ஒன்றுகூட வேண்டாம், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. மூன்றாவதும் நான்காவதும் 80-லிருந்து 95 வரை, முடிந்தால் வரிகள் இல்லாதவை, அல்லது வரிகள் இருந்தும் எதையும் கேட்காத, எதையும் குற்றம் சொல்லாத பாட்டு. ஐந்தாவது 100-ஐ ஒட்டி. கடைசி ஒன்றிரண்டு ஏற்றுபவையிலிருந்து, 110–120.

ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு 15 அல்லது 20 தட்டுக்குமேல் தாண்ட வேண்டாம். இது நான் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த கணக்கு, உங்களுக்குச் சற்றுக் கூடலாம், குறையலாம். 68-லிருந்து ஒரே தாவலில் 128-க்குப் போனபோதெல்லாம் என் மதிப்பெண் விழுந்தது.

கோபமாக, படபடப்பாக இருக்கும் நாளுக்கு இதையே தலைகீழாக இன்னொரு பட்டியல் போடுங்கள்: வேகமாக, கனமாகத் தொடங்கி 60-க்கு இறங்குவது. இதற்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். என் அனுபவத்தில் இறங்க ஏறுவதைவிட நேரம் பிடிக்கிறது.

இங்கே மூன்று தவறு செய்தேன். கடைசிப் பாட்டைப் பட்டியலிலேயே மிகவும் சத்தமான, ஆர்ப்பாட்டமான பாட்டாக வைத்தேன். முடிந்ததும் வரும் அமைதி வெறுமையாக இருந்தது. உச்சிக்கு ஒரு படி கீழே முடிப்பது நல்லது. அடுத்து, முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு அதையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டியல் முழுதும் ஓட வேண்டும், "மீண்டும் போடு" பொத்தானைத் தொடாதீர்கள். மூன்றாவது, கலைத்துப் போடும் வசதியை அணைக்க மறந்தேன். ஏணியின் படிகளைக் கலைத்துப் போட்டால் அது ஏணியே இல்லை.

போட்ட பட்டியலை ஐந்து முறை கேட்டு, முன்பு போலவே மதிப்பெண் எழுதுங்கள். ஐந்தில் மூன்று முறையாவது ஏறியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதல் பட்டியல் தேறவில்லை, மூன்றாவதுதான் தேறியது. அதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

## 6. எப்போது கேட்பது, எப்போது கேட்கக் கூடாது

சோகப் பாட்டுக்கு நேர வரம்பு வையுங்கள். எனக்கு 20 நிமிடம், அதுவும் இரவு ஒன்பதுக்கு முன்னால். ஒன்பதுக்குப் பிறகு கேட்டவையெல்லாம் நோட்டில் இழுப்பவையாகவே பதிவாகியிருந்தன. களைத்த மூளை அசைபோடத்தான் லாயக்கு.

படுக்கும்போது பாட்டு கேட்பவர்களுக்கு: மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தூங்கும் முன் கேட்ட பாட்டு மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடித் தூக்கத்தைக் கெடுக்கிறது. பழகிய பாட்டில் வரிகளை நீக்கிய வாத்திய வடிவம்தான் இன்னும் அதிகமாக ஒட்டிக்கொண்டதாம், விட்ட வரியை மூளையே நிரப்பப் பார்க்கிறதோ என்னவோ. மேலே நான் சொன்ன வாத்திய வடிவத் தந்திரத்தைப் படுக்கையில் செய்யாதீர்கள். படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பாட்டை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன்.

உடற்பயிற்சிக்கு 120 முதல் 140 வரையிலான வேகம் பொதுவாக ஒத்துவரும். வண்டி ஓட்டும்போது அந்தப் பட்டியலைப் போடாதீர்கள். வாரன் ப்ராட்ஸ்கி 2001-ல் நிஜ வண்டி ஓட்டுவது போலவே இருக்கும் செயற்கைக் கருவியில் ஓட்டவைத்துப் பார்த்தபோது, வேகமான இசை கேட்டவர்கள் வண்டியையும் வேகமாக ஓட்டினார்கள், சிவப்பு விளக்கையும் அதிகம் தாண்டினார்கள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு, கணக்கு, எழுத்து வேலை என்றால் வரிகள் உள்ள பாட்டு எதுவும் வேண்டாம்.

## 7. செயலிகள் செய்யும் வேலை

நீங்கள் கஷ்டப்பட்டு ஏணி போட்டு வைத்திருப்பீர்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் செயலி தானாக அடுத்ததைப் போடும். அது எதைப் போடும்? எட்டு மாதம் நீங்கள் எதைக் கேட்டீர்களோ அது மாதிரி ஒன்றை. உங்களுக்கு எது நல்லது என்று அதற்குத் தெரியாது, எதை நிறுத்தாமல் கேட்பீர்கள் என்று மட்டும் தெரியும். ஆட்டோபிளேயை அமைப்புகளில் போய் அணையுங்கள். சில செயலிகளைப் புதுப்பித்தால் மறுபடி தானே இயங்க ஆரம்பித்துவிடும், மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்ட வரலாற்றை அழிக்கும் வசதி இருந்தால் அழித்துவிடுங்கள். நான் அழித்த பிறகு ஒரு வாரம் கண்டதெல்லாம் பரிந்துரையில் வந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

"சோகம்", "சந்தோஷம்", "மழை இரவு" என்று செயலிகள் தாமே போட்டு வைத்திருக்கும் பட்டியல்களையும் நம்ப வேண்டாம். அவை பாட்டில் இருப்பதைப் பார்த்துப் பிரித்தவை. என் கல்யாண வீட்டுப் பாட்டு அங்கே "கொண்டாட்டம்" பட்டியலில் இருக்கிறது. இதே காரணத்தால் உங்கள் ஏணியை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். முறையைச் சொல்லிக் கொடுங்கள், பாட்டை அவர் தேடிக்கொள்ளட்டும். என் நண்பன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், அவனுக்கு ஏற்றும் பாட்டுகளை எனக்குத் தந்தான்.

## 8. பராமரிப்பு

ஒரே ஏணியைத் தினமும் ஏறினால் தேய்ந்துவிடும். வாரத்துக்கு மூன்று முறைக்குமேல் கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம் மட்டும் நோட்டைத் திறந்து மதிப்பெண் போடுங்கள். பலம் போன பாட்டை எடுத்துவிட்டு அதே வேகத்தில் வேறொன்றைச் செருகுங்கள், படி உடையக் கூடாது. ஏதாவது பெரிய விஷயம் நடந்தால், ஒரு பிரிவோ இடமாற்றமோ, அந்த நாட்களில் கேட்ட பாட்டுக்கெல்லாம் புது ஞாபகம் ஒட்டியிருக்கும், அவற்றை மறுபடி சோதியுங்கள். கெட்ட நாட்களில் ஏணிப் பாட்டைக் கேட்டுக்கொண்டே மோசமான செய்திகளைப் பார்க்காதீர்கள், நல்ல பாட்டு ஒன்றை அநியாயமாக இழப்பீர்கள். எனக்கு இரண்டு போயிற்று.

இழுப்பவைக் குவியலை அழிக்க வேண்டாம். அழித்தால் தேடிப் போய் மறுபடி சேர்ப்பீர்கள், நான் சேர்த்தேன். தனிப் பட்டியலாக வைத்து, பெயரைச் சட்டென்று விரல் படாத மாதிரி மாற்றி, கீழே தள்ளி வையுங்கள். என்னுடையதற்கு "பகலில் மட்டும்" என்று பெயர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்குத் திறந்து இரண்டு பாட்டு கேட்டேன். முன்: 1, முடிந்தவுடன்: 1, அரை மணி கழித்து: 0. குறிப்பில் "துணி துவைக்கப் போனேன்" என்று எழுதியிருக்கிறேன்.